அக்காளும் தங்கையும்

பாடுபட்டவனுக்கே பலன் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அமெரிக்க மேடையில் ஆடைகளைந்து ஆடிப் பேர் பெற்ற ஜிப்ஸி ரோஸ் லீ 1957-ல் எழுதிய சுயசரிதையைப் படித்தால் இந்த நம்பிக்கை ஆட்டங்காணும். அவள் தங்கை ஜூன் ஹாவோக் 1959-ல் வெளியிட்ட சுயசரிதையையும் சேர்த்துப் படித்தால் தூக்கமே கெட்டுவிடும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

தாயார் ரோஸ் இரு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக நாடகக் கொட்டகைகளுக்கு அலைந்தவள். ஆட்டம் தெரிந்தவள் ஜூன்தான். கால் விரல் நுனியில் நின்று சுழலுகிற குழந்தை நட்சத்திரம் அவள். அக்காளுக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. பையன் வேஷம் போட்டுப் பின்வரிசையில் நிற்பாள். பேசும் படம் வந்து அந்த மேடைகளெல்லாம் படுத்துவிட்டன. ஜூன் சிறு வயதிலேயே கோஷ்டிப் பையன் ஒருவனோடு ஓடிப்போனாள்.

எஞ்சிய அக்காள் மலிவான ‘பர்லெஸ்க்’ கொட்டகைகளுக்குப் போனாள். 1931-ல் நியூயார்க்கில் மின்ஸ்கி சகோதரர்களின் மேடை ஏறினாள். அங்கே அவள் செய்தது என்ன? நடந்தாள், பேசினாள், கையுறை ஒன்றைச் சாவகாசமாகக் கழற்றினாள். பெரும்பாலும் அவ்வளவுதான். மற்றவர்கள் விழுந்து புரண்டு ஆடிச் சம்பாதித்ததைவிட அவளுக்கு அதிகம் கிடைத்தது. 1936-ல் ஜீக்ஃபெல்ட் மேடைக்கே போய்விட்டாள்.

தங்கையோ பஞ்ச காலத்து நடனப் போட்டிகளில் கிடந்தாள். மணிக்கு 45 நிமிஷம் ஆட்டம், 15 நிமிஷம் ஓய்வு. இரவும் பகலும், வாரக்கணக்கில். நிற்கிற வரையில் சாப்பாடு உண்டு. யார் எப்போது விழுவார்கள் என்று பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து வந்தார்கள்.

அக்காள் உழைக்காமல் சம்பாதித்தாள் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். மறுபடி படித்தபோது அது முழு உண்மையல்ல என்று பட்டது. எதிரே இருப்பவன் எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்று கணக்கிடுவதும் உழைப்புத்தான். பின்வரிசையில் நின்ற வருஷங்களில் அவள் படித்த பாடம் அது. கதை எழுதுகிறவனுக்கு இது புரியும். எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

ஆனால் புத்தகத்திலும் அவள் அதே வித்தையைச் செய்திருக்கிறாள் என்பதே என் குறை. பசியும் அவமானமும் வருகிற இடத்திலெல்லாம் ஒரு ஹாஸ்யத்தைச் சொல்லித் திரையை இறக்கிவிடுகிறாள். தாயின் கொடுமைகூட வேடிக்கையாகிவிடுகிறது. தங்கை அப்படியல்ல, வீங்கிய காலைக் காட்டிவிட்டுக் கண்ணை எடுக்க விடமாட்டாள்.

உலகம் என்ன செய்தது? அக்காள் புத்தகம் 1959-ல் சங்கீத நாடகமாகி எழுநூறு தடவைக்கு மேல் நடந்தது, 1962-ல் படமாயிற்று. தங்கை அந்தப் போட்டிகளை வைத்து 1963-ல் போட்ட நாடகம் இரண்டு மாசம்கூட ஓடவில்லை. கொட்டகையில் கிடைத்த கூலிக் கணக்கே எழுத்திலும் கிடைத்தது.

இதற்காக அக்காளை நான் குற்றம் சொல்லவில்லை. கூலி நிர்ணயித்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள். முதலில் அவள் புத்தகத்தைப் படியுங்கள், நன்றாகச் சிரிப்பீர்கள். பிறகு தங்கையுடையதைப் படியுங்கள். சிரித்த இடங்கள் சில ஞாபகத்துக்கு வந்து கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.