எல்லையில் வழு தேடுவோர்

ராஸ்பெரி பை போன்ற சின்னக் கருவியில், சீ ஷார்ப்பில் எழுதிய நிரல் சீ மொழி நூலகமொன்றை அழைக்கும் இடத்தில் திடீரென்று விழுந்துவிடும். பல வேளைகளில் கிடைப்பது ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ என்ற ஒற்றை வரிதான். அதிலிருந்து காரணத்தைத் தோண்டி எடுப்பவரின் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

‘லோங்’ என்ற தரவு வகையைப் பாருங்கள். சீ ஷார்ப்பில் அது எப்போதும் 8 பைட். சீ மொழியிலோ 64 பிட் லினக்ஸில் 8, 32 பிட் லினக்ஸில் 4. மேசைக் கணினியில் ஒழுங்காக ஓடியது, 32 பிட் ராஸ்பெரி பையில் குப்பை எண்களைக் காட்டும். தேடுபவர் நினைவகத்தைப் பைட் பைட்டாக எண்ணிப் பார்க்க வேண்டும். இதைவிட நுட்பமானது, நூலகம் திரும்ப அழைப்பதற்காக அதனிடம் கொடுத்துவைத்த கோல்பேக். தேவையற்றதென்று கருதி, சீ ஷார்ப்பின் குப்பை சேகரிப்பான் அதை அள்ளிவிடும். நிரல் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகுதான் விழும். கோல்பேக்கை ஒரு ஸ்டேடிக் மாறியில் பிடித்து வைத்தால் போதும். தீர்வு ஒரு வரி, ஆனால் அதைக் கண்டுபிடிப்பதில்தான் கலை.

வழு தேட ஜிடிபி என்ற வழுநீக்கி உதவும், ஆனால் கருவியில் இடம் குறைவு. ஆகவே அங்கே ஜிடிபிசேர்வர் மட்டும் ஓடும். ஜிடிபியும் குறியீட்டுப் பெயர்களும் மேசைக் கணினியில் இருக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி இன்றும் இலவசம்.

திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளே, செயலி எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். பழைய ராஸ்பெரி பை 3 ஒன்று போதும். சீயில் சின்ன நூலகம் எழுதி, வேண்டுமென்றே பிழையாக அழைத்து, ஜிடிபியில் திறந்து பாருங்கள்.