கண்ணீர் மறைத்த கோடு

மனோகர் தேவதாஸைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது வரியில் கண்ணோய் வந்துவிடுகிறது. ஐந்தாவது வரியில் மனைவி மஹிமாவின் சக்கர நாற்காலி. படத்துக்கு வந்து சேர்வதற்குள் கட்டுரையே முடிந்துவிடும். ‘தானே கற்றவர்’ என்ற பட்டமும் சேர்ந்துகொண்டால் தீர்ந்தது கதை: மரபும் இல்லை, பள்ளியும் இல்லை, மனவுறுதி மட்டும் உள்ள அபூர்வ மனிதர். அபூர்வ மனிதரை வணங்கிவிட்டால் அவர் வரைந்ததை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

அவர் மரபற்றவர் என்பதை நான் ஏற்கவில்லை.

திருப்போரூரில் இருப்பவனுக்குப் பேனாவும் தாளுமாக வந்தவர்கள் புதிதல்லர். இங்கிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. தள்ளி இருக்கும் மாமல்லபுரத்தை, 1792–93 தென்னாட்டுப் பயணத்தில் தாமஸ், வில்லியம் டேனியல் இருவரும் வரைந்துபோனார்கள். அழகான படங்கள்தான், ஆனால் கல்லைவிட அதன்மேல் படிந்த வெயிலில்தான் அவர்களுக்கு மோகம். பிறகு வந்தது விகடன் காலம். மாலி ஒரு தலைமுறையையே உருவாக்கினார். கோபுலு ஒரே இழுப்பில் ஆளையும் அவன் குணத்தையும் தாளில் இறக்கினார். மணியம் 1950இல் கல்கியில் ‘பொன்னியின் செல்வ’னுக்கு வரைந்த முகங்களை இன்றைய சினிமாவாலும் அழிக்க முடியவில்லை. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் எழுந்தது. அதன்பின் பத்திரிகைப் படம் கீழ்ச்சாதி, சட்டமிட்ட ஓவியம் மேல்சாதி என்றொரு மௌனத் தீர்ப்பும் நிலைத்தது. காந்தியை நூற்றுக்கணக்கான கோடுகளில் தேடிய ஆதிமூலம், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கும் வரைந்து அந்த வேலியைத் தாண்டினார். அவரை மட்டும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்தோம்.

இந்த வரிசையில் நான் நெடுநேரம் நிற்பது சில்பியிடம். விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலையின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர். அவரும் கோபுலுவும் ஓவியப் பள்ளியில் படித்தவர்கள், தேவதாஸ் படிக்காதவர். ஆனால் கல்லுக்கு முன்னால் தன் சாமர்த்தியத்தை அடக்கிக்கொள்ளும் பணிவு சில்பிக்கும் அவருக்கும் பொது. மரபு என்று நான் சொல்வது இந்தப் பணிவைத்தான்.

1936இல் மதுரையில் பிறந்தார் தேவதாஸ். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், சென்னையில் ஓல்டாம் நிறுவனத்தில் தொழில்நுட்ப வேலை, ஓபர்லின் கல்லூரியில் மேற்படிப்பு. ஓவியக் கல்லூரியின் வாசலை மிதிக்காதவருக்கு ஆய்வுக்கூடமே பள்ளி என்பது என் கட்சி. அவர் கோபுரத்தைக் கவனியுங்கள். பக்தியால் அண்ணாந்து பார்த்த கோபுரமல்ல அது. கண் எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தத் தளம் எவ்வளவு சுருங்கும், வீதியின் இருபுறச் சுவர்களும் எங்கே போய்ச் சந்திக்கும் என்று கணக்குப் பார்த்த கோபுரம். நிழலை மையால் அப்ப மாட்டார். மயிரிழைக் கோட்டின்மேல் இன்னொரு கோடு, அதன் குறுக்கே இன்னொன்று என்று நெய்வார். தள்ளி நின்றால் சாம்பல் நிறம். தாளை முகத்தருகே கொண்டுவந்தால் நெசவு பிரிந்து ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரியும். கருமை தேவையான இடத்திலும் இழைக்கு இடையே துளி வெள்ளைத் தாள் மூச்சுவிடும்.

குறை இல்லாமல் இல்லை. அவருடைய தெருக்களில் நடக்கும் மனிதர்கள் பெரும்பாலும் அளவுகோல்கள்; கட்டடம் எவ்வளவு உயரம் என்று காட்ட நிறுத்தப்பட்டவர்கள். கோபுலுவின் சவடால் நாயனக்காரர் ஒருவர் அந்த வீதியில் நடந்தால் அவர் பின்னாலேயே போய்விடத் தோன்றும். ஆனால் கோபுலுவிடம் வீதியின் நீளத்தைக் கேட்டால் கிடைக்காது.

1972இல் நேர்ந்த கார் விபத்தில் மஹிமாவின் உடல் செயலிழந்தது. விழித்திரை நோய் தேவதாஸின் பார்வை வட்டத்தைச் சிறுகச் சிறுக மூடியது. இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் படத்தின் காரணமாகச் சொல்லவும் கூடாது. 1940, 50களின் மதுரையை மீட்டெடுத்து, தானே எழுதித் தானே படமும் வரைந்து 1997இல் வெளியிட்ட ‘கிரீன் வெல் இயர்ஸ்’ நாவலைப் புரட்டுங்கள். நலமான கண்ணுள்ள எத்தனை பேரிடம் அந்த ஊர் இப்படி அளவு பிசகாமல் இருக்கிறது? தன் படங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு அவரும் மஹிமாவும் தருமத்துக்குப் பணம் திரட்டினார்கள். அந்த நல்ல காரியமே படங்களுக்கு வினையானது: அட்டைக்கு ஏது விமர்சகன்? 2008இல் மஹிமா போனார். 2020இல் பத்மஸ்ரீ வந்தது. 2022 டிசம்பரில் அவரும் மறைந்தார். அஞ்சலிகளில் மறுபடியும் கண்ணீர். கோட்டைப் பற்றி அரை வரிகூட என் கண்ணில் படவில்லை.

இன்று ஊர் ஊராகப் போய் வரையும் இளைஞர் கூட்டம் பெருகியிருக்கிறது. அரைமணி நேரத்தில் நீர்வண்ணத்தைத் தெளித்து, உடனே படமெடுத்துப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சில்பியும் தேவதாஸும் காட்டிய வழி வேறு; பொறுமையும் அளவும் கேட்கும் வழி. வரைபவர்கள் அதில் நடக்க வேண்டும் என்பதே என் வாதம். ஓஎம்ஆர் பேருந்தில் வந்து இறங்கினால் எங்கள் கந்தசாமி கோயில் குளக்கரைக்கு நடந்தே போகலாம். பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன. நல்ல பேனாவோடு ஒரு வாரம் தங்குகிறமாதிரி வாருங்கள். இந்தக் குளக்கரையை மையில் வரைந்த ஒரு தாளைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.