'இனி நானல்ல' – யார் சொல்ல வேண்டிய சொல்?

துறவு இல்லம் ஒன்றிலிருந்து வெளியேறியவர் வாய் திறந்தால், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே, ஏன் வெளியேறினார் என்று கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. அழைத்தல் இல்லாதவர், மனக்கசப்பு கொண்டவர், திருச்சபையின் பகைவர்களுக்குக் கருவியானவர் என மூன்று விடைகளை நாம் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கிறோம். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அவர் கண்டதைச் சொன்னார். எங்களுக்குக் கற்பிக்க நீ யார் என்று கேட்டு அவரை வெளியே தள்ளினார்கள். ஆயினும் ஆண்டவர் தேடிச் சென்று சந்தித்தது வெளியே தள்ளப்பட்ட அந்த மனிதரைத்தான்.

இந்த நினைவோடு வாசிக்க வேண்டிய நூல் ஒன்று 2014ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'இனி நானல்ல' எனலாம். 'ஓர் இளம் துறவியின் உண்மைக் கதை' என்பது துணைத் தலைப்பு. ஆசிரியர் டோரிஸ் வாக்னர். இன்று டோரிஸ் ரைசிங்கர் என்னும் பெயரில் எழுதிவரும் இறையியலாளர். 1983இல் பிறந்த இவர், பள்ளிக் கல்வியை முடித்ததும் 2003இல் 'தாஸ் வெர்க்' என்னும் துறவுக் குடும்பத்தில் சேர்ந்து, 2011இல் வெளியேறினார். 1938இல் பெல்ஜியத்தில் ஜூலியா வெர்ஹாக என்னும் பெண்மணியால் தொடங்கப்பெற்று, 2001இல் திருத்தந்தையின் ஏற்பு பெற்ற குழுமம் அது.

நூலில் முதலில் நம்மைத் தொடுவது, உள்ளே சென்ற பெண்ணின் ஆர்வம். எவரும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லவில்லை. இறைவனுக்குத் தம்மை முழுவதும் கொடுத்துவிட வேண்டும் என்னும் தாகமே அவரை அழைத்துச் சென்றது. பின்னர் சின்னஞ்சிறு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வாசிப்பில் தோய்ந்த பெண்ணுக்கு நூல்களைத் தொடத் தடை. உடன் வாழும் சகோதரிகளிடம் மனம்விட்டுப் பேசத் தடை. உள்ளத்தில் எழும் ஐயமோ சோர்வோ சபைத் தலைவியிடம் மட்டுமே சொல்லப்பட வேண்டும். அதற்குரிய விளக்கத்தைத் தருபவரும் அவரே. இவற்றுள் எதையும் தனியே எடுத்து நோக்கினால் பெரும் கொடுமை என்று சொல்ல இயலாது. நல்ல துறவு இல்லங்களிலும் மௌனம் உண்டு, ஒழுங்கு உண்டு. ஆனால் நூலின் பக்கங்கள் நகர நகர, அந்தப் பெண் தம் உணர்வுகளையே நம்ப முடியாதவராக மாறிவருவதைக் காண்கிறோம். வருத்தம் வந்தால் அது நன்றியின்மை. கேள்வி எழுந்தால் அது செருக்கு. களைப்பு மேலிட்டால் அது அன்புக் குறை. தமக்குள் எழும் ஒவ்வொரு குரலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட பின், உண்மையான ஆபத்து வரும்போது கூவி எழுப்ப உள்ளே குரல் எது மிஞ்சும்?

அந்த ஆபத்து வந்தது. 2008இல் உரோமை இல்லத்தில், பொறுப்பிலிருந்த குரு ஒருவரால் தாம் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக அவர் எழுதுகிறார். அதுபற்றிய வழக்குகளையும் விசாரணைகளையும் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் கவனிக்க விரும்புவது, அந்நிகழ்ச்சிக்கு முந்தைய ஆண்டுகளை. எதிர்க்கவும், உடனே ஒருவரிடம் ஓடிச்சென்று சொல்லவும் இயலாத நிலைக்கு ஓர் உள்ளம் எவ்வாறு ஆளாயிற்று என்பதே இந்நூலின் மையம். உடலுக்கு எதிரான வன்முறையைப் பற்றிப் பேச இன்று நமக்குச் சொற்கள் கிடைத்துவிட்டன. அதற்கு முன்பே உள்ளத்தில் நிகழும் சூறையாடலுக்கு நம்மிடம் சொல் இல்லை. அச்சொல்லைத் தேடும் முயற்சி என்பதால்தான் இது புலம்பலாக நின்றுவிடாமல் இலக்கியமாகிறது.

தலைப்புக்கு வருவோம். அது எங்கிருந்து வருகிறது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் (2:20) புனித பவுல், வாழ்பவர் இனித் தாமல்லர், தம்முள் வாழ்பவர் கிறிஸ்துவே என்று அறிக்கையிடுகிறார். துறவறத்தின் சிகரம் என்று எண்ணற்ற தியான உரைகளில் விளக்கப்பட்ட வசனம் இது. 'நான்', 'எனது' என்னும் பற்றுகள் அறுவதே துறவு என்று வள்ளுவரிடமும் கற்றவர்கள் நாம். ஆதலால் இவ்வசனம் நம் செவிக்கு இருமடங்கு இனிமையாக ஒலிக்கும். அந்தப் பெண்ணின் வாழ்வில் இந்த இன்சொல்லே சிறைக்கதவாயிற்று.

அப்படியானால் வசனத்தில் பிழையா? வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுத்ததே பிழை. அதே இரண்டாம் அதிகாரத்தில், ஒன்பது வசனங்களுக்கு முன், பவுல் சொல்லும் செய்தி என்ன? அந்தியோக்கியாவில் கேபா தவறியபோது தாம் அவரை நேருக்கு நேராக எதிர்த்ததாகச் சொல்கிறார். திருத்தூதர்களின் தலைவரை, அனைவர் முன்னிலையிலும்! 'இனி நானல்ல' என்று எழுதிய கைதான் 'நான் எதிர்த்தேன்' என்றும் எழுதிற்று. கிறிஸ்து ஒருவருள் வாழத் தொடங்கினால், அவருடைய நாவு கட்டப்படுவதில்லை, அச்சமின்றி அவிழ்கிறது. 20ஆம் வசனத்தின் பிற்பகுதியும் இதற்குச் சான்று: இறைமகன் தம்மேல் அன்புகூர்ந்தார், தமக்காகத் தம்மையே கையளித்தார் என்கிறார் பவுல். அன்புசெய்யப்பட்ட அந்த 'நான்' அங்கே அழிந்துபோகவில்லை. பெயர் சொல்லி அழைக்கப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது.

நற்செய்தியும் இதையே உரைக்கிறது. தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர் தம்மையே மறுக்கட்டும் என்பது ஆண்டவரின் அழைப்பு (மாற்கு 8:34). 'விரும்புகிறவர்' என்பது முதற்சொல். 'தம்மையே' என்பது அடுத்தது. ஒருவர் தம்மை மறுக்கலாம். அவருக்காகப் பிறர் அவரை மறுத்துவிட முடியாது. தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக நல்லாயன் கூறுகிறார் (யோவான் 10:18). கொடுப்பதற்கும் பறிப்பதற்கும் இடையிலான இந்த வேறுபாட்டில்தான் துறவறம் முழுவதும் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்: அதே உடை, அதே மௌனம், அதே தாழ்ந்த பார்வை. உள்ளே ஒன்று பலி; மற்றொன்று கொள்ளை.

ரைசிங்கரின் அடுத்த முக்கிய நூல் 2019இல் வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆன்மிக முறைகேடு என்பது அதன் பொருள். தம் கதையைச் சொன்னவர் இங்கே அனுபவத்தைக் கருத்தாக்குகிறார். ஆன்மிக முறைகேட்டை மூன்றாக வகுக்கிறார். தேடி வந்தவருக்குத் தேவையான ஆன்மிக உணவும் துணையும் மறுக்கப்படுவது புறக்கணிப்பு. பிறர் விருப்பத்தைத் தம் சொந்த விருப்பமென அவரே நம்பும்படி செய்வது சூழ்ச்சி. அவர் விரும்பாததை வெளிப்படையாகவே வற்புறுத்துவது வன்முறை. இவற்றுள் நடுவே உள்ளதே மிகக் கொடியது எனக் கருதுகிறேன். வன்முறைக்கு ஆளானவர் தாம் தாக்கப்பட்டதையாவது அறிவார். சூழ்ச்சிக்கு ஆளானவரோ தம்மைத் தாமே காவல் காக்கிறார். யாராவது கேட்டால் மகிழ்ச்சியாக இருப்பதாகவே சொல்வார். பொய் சொல்கிறோம் என்பதையும் அறியார். வெளியேறிய பலர் பேசப் பத்தாண்டுகளும் இருபதாண்டுகளும் எடுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். 'அன்றே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இந்நூலோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஆன்மிகச் சுயநிர்ணய உரிமை உண்டு என்பதை ஆசிரியர் தம் கோட்பாட்டின் அச்சாகக் கொள்கிறார். எவரும் இன்னொருவரின் மனச்சான்றைத் தம் உடைமையாக்கக் கூடாது என்னும் பொருளில் இது முழு உண்மை. ஆனால் இச்சொல் ஒன்றே பாஸ்கா மறைபொருளின் பாரத்தைச் சுமக்க வல்லதன்று. நாம் நமக்கும் உடைமையல்லர். அன்பின் அழைப்பு பல வேளைகளில் நாம் தேர்ந்துகொள்ளாத வழியில் வருகிறது. மேலும் அவருடைய தன்வரலாறு ஒரே குரலில் ஒலிப்பது. அதே இல்லங்களில் நிறைவோடு வாழ்வதாகச் சொல்லும் சகோதரிகளின் குரல் அதில் இல்லை. இது தன்வரலாறு என்னும் இலக்கிய வகையின் எல்லை. ஆனால் ஒன்று: ஒரே கூரையின் கீழ் ஒருவர் மகிழ்ந்திருந்தார் என்பது, மற்றவர் நொறுங்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

அவர் கேட்கும் பாதுகாப்பு திருச்சபைக்குப் புதியதும் அன்று. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 3ஆம் அதிகாரத்தில், முக்கியமான காரியங்களில் இளையவர் உட்பட அனைவரையும் அழைத்துக் கருத்துக் கேட்கும்படி மடத்துத் தலைவரைப் பணிக்கிறார். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளின் 15ஆம் குறிப்பில், பயிற்சி தருபவர் எப்பக்கமும் சாயாமல் நின்று, படைத்தவர் தம் படைப்போடு நேரடியாகச் செயலாற்ற விட வேண்டும் என்கிறார். புனித சிலுவை அருளப்பர், ஆன்மாக்களைக் கொல்லனைப்போல் சம்மட்டியால் அடிக்க மட்டுமே தெரிந்த வழிகாட்டிகளைக் கடுமையாகச் சாடுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனச்சான்று என்பது மனிதர் இறைவனோடு தனித்திருக்கும் திருத்தலம் என்று போதிக்கிறது. அத்திருத்தலத்துக்குச் சாவி வைத்துக்கொள்ளும் உரிமை எந்தச் சபைத் தலைவிக்கும், எந்தக் குருவுக்கும் இல்லை.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இதனை விதியாகவே எழுதியுள்ளது. 630ஆம் எண், ஒப்புரவு அருளடையாளத்திலும் ஆன்ம வழிகாட்டலிலும் துறவியருக்கு உரிய சுதந்திரத்தை ஏற்க வேண்டும் எனத் தலைவர்களைப் பணிக்கிறது. தம் மனச்சான்றை வெளியிடும்படி உறுப்பினரை எவ்வகையிலும் தூண்டக் கூடாது எனத் தடுக்கிறது. 219ஆம் எண், வாழ்க்கை நிலையைத் தெரிவு செய்வதில் எவ்வகை வற்புறுத்தலும் ஆகாது என்கிறது. ஆளுகை ஒரு கையிலும், மனச்சான்று இன்னொரு கையிலும் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் நெடுங்கால ஞானம். இரண்டும் ஒரே கையில் சேர்ந்த இடங்களிலிருந்தே இன்று கண்ணீர்க் குரல்கள் வருகின்றன.

பெரு நாட்டின் வரலாறு இதற்கு மற்றொரு சான்று. லூயிஸ் பெர்னாண்டோ பிகாரி 1971இல் லீமாவில் தொடங்கிய 'சோடாலிசியோ' இயக்கத்தைப் பற்றி, அதன் முன்னாள் உறுப்பினர் ஒருவர் 2000ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக எழுதினார். செவிசாய்த்தவர் மிகச் சிலர். மற்றொரு முன்னாள் உறுப்பினரான பெத்ரோ சலினாஸ், செய்தியாளர் பாவொலா உகாஸோடு இணைந்து, 'பாதித் துறவியர், பாதிப் போர்வீரர்' என்னும் பொருள்படும் நூலை 2015இல் வெளியிட்டார். அவர்கள்மீது பேராயர் ஒருவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரலில் சலினாஸுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அம்மாதமே பேராயர் தம் வழக்கைத் திரும்பப் பெற்றார். 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் விசாரணைக்குத் தூதுவர்களை லீமாவுக்கு அனுப்பினார். 2024இல் பிகாரி வெளியேற்றப்பட்டார். 2025இல் அந்த இயக்கமே கலைக்கப்பட்டது. முதற்குரலுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். ஓர் இளைஞர் முதியவராகும் காலம் அது.

ஆயினும் திருச்சபை கேட்கக் கற்றுவருகிறது என்பதும் உண்மை. 2019 பிப்ரவரியில் பவேரியத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய உரையாடலில், வியன்னாவின் அந்நாளைய பேராயர் கர்தினால் ஷோன்போர்ன் ரைசிங்கரின் எதிரில் அமர்ந்து கேட்டார். அவர் சொல்வதைத் தாம் நம்புவதாகவும் கூறினார். அவ்வுரையாடலும் அதே ஆண்டில் நூலாக வந்தது. 2021இல் பொதுநிலையினருக்கான திருப்பீடத் துறை, பன்னாட்டு இறைமக்கள் இயக்கங்களின் தலைவர்கள் தொடர்ந்து பத்தாண்டுகளுக்குமேல் பொறுப்பில் நீடிக்கக் கூடாது என ஆணையிட்டது. 2023இல் ஜெர்மன் ஆயர் பேரவை ஆன்மிக அதிகார முறைகேடு குறித்துக் கையேடு வெளியிட்டது. 2024 நவம்பரில், 'ஆன்மிக முறைகேடு' என்பதைத் திருச்சபைச் சட்டத்தில் தனிக் குற்றமாக வரையறுப்பது குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என வத்திக்கான் அறிவித்தது. வெளியேறியவர்கள் எழுதியிராவிட்டால் இவற்றுள் எத்தனை நிகழ்ந்திருக்கும்?

இந்நூல்களை வாசிக்கும் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இறைவனுக்கென மகளையோ மகனையோ அனுப்பும் பெற்றோர், சில எளிய கேள்விகளைக் கேட்பது நம்பிக்கைக் குறைவாகாது. கடிதங்கள் பிறர் கண்ணில் படாமல் வந்துசேர்கின்றனவா? பாவசங்கீர்த்தனத்துக்கு விரும்பிய குருவை நாட முடிகிறதா? நோயுற்றால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல முடிகிறதா? தலைவியின் கருத்தோடு மாறுபட்ட பின்னும் அன்று மாலை சிரித்துக்கொண்டு உணவு மேசையில் அமர முடிகிறதா? போக விரும்பினால் தலைநிமிர்ந்து போக முடியுமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லக்கூடிய இல்லத்தில், கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடு அழகுற மலரும். அப்படிப்பட்ட இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. அவற்றின் நற்பெயரைக் காப்பதற்காகவும் இக்கேள்விகள் கேட்கப்பட வேண்டும்.

திரும்பி வந்த மகளுக்கும் ஒரு வீடு வேண்டும். ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் கவலையில் நாம் அவளை மௌனமாக்கினால், அங்கே தொடங்கிய வேலையை இங்கே முடித்துக் கொடுத்தவர்கள் ஆவோம். அவள் பேசட்டும். நெடுநாள் பூட்டியிருந்த உள்ளத்திலிருந்து வரும் முதற்சொற்கள் ஒழுங்காக இரா, கோபமும் கலந்திருக்கும். அந்தச் சொற்களைப் பொறுமையோடு கேட்டு முடிப்பதும் ஒரு வழிபாடே.