தேய்ந்த துவாரம்

சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரத்தின் சக்தியெல்லாம் பேரல் என்னும் சிறு டப்பிக்குள் சுருண்டு கிடக்கும் வில்லில் அடங்கியிருக்கிறது. அந்த வில் வருஷக்கணக்காக ஒரே பக்கமாய் இழுப்பதாலும், உலர்ந்த எண்ணெயில் தூசி சேர்ந்து அரமாகிவிடுவதாலும், அச்சு நிற்கும் பித்தளைத் தகட்டின் துவாரம் வட்டம் குலைந்து முட்டை வடிவாகிறது. 17 கற்கள் பதித்த எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்திலும் இவ்விடத்தில் கல் கிடையாது. பேரல் சாய்ந்து உரச, மணிக்கு 18,000 முறை ஆடும் பாலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குன்றுகிறது.

துவாரத்தைச் சுற்றிப் பஞ்ச் வைத்துத் தட்டி உலோகத்தை உள்ளே நெருக்கிவிடுவது சுலபம். கூலிக்கேற்ற வேலைதான், ஆனால் எனக்கு அதில் மதிப்பில்லை. துவாரத்தில் புஷ் என்னும் சிறு வளையத்தைப் போடுகிறவரின் சாமர்த்தியமே வேறு. துளைக்கும் கருவியை அப்படியே விட்டால் அது தேய்ந்த பக்கமே சறுக்கிப்போகும் என்றறிந்து, அவர் முதலில் தேயாத பக்கத்தையும் மெல்லிய அரத்தால் அதே அளவு ராவி (நல்லதைக் கெடுத்துக் கெட்டதைச் சீராக்கும் விசித்திர நியாயம்!), பழைய மையத்தை மீட்டுக்கொண்டு, அதன் பிறகே துவாரத்தைப் பெரிதாக்கி, பித்தளை புஷ்ஷை இறுக்கி, தகட்டோடு சமமாக இழைத்து, அச்சு ஆடாமலும் இறுகாமலும் சுழலும்வரை உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கிறார்.