ஒரு பென்னி பிரசங்கம்

நாகர்கோவிலிலிருந்து டீச்சர் போன் செய்தார். ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் கணவர் போய்விட்டார். மகள் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்து யூடியூப் பார்க்கவும் சொல்லித் தந்திருக்கிறாள்.

''ராத்திரி தூக்கம் வரலைன்னா பிரசங்கம் கேக்கேன் தம்பி. எல்லாரும் ஜெயம், ஆசீர்வாதம், இந்த மாசம் உனக்கு ரெட்டிப்பான நன்மைங்கிறாங்க. ஒண்ணும் மனசுல ஒட்டமாட்டேங்குது. விசுவாசம் பெலப்படுற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. நீங்கதான் கண்டதையும் படிக்கிறவராச்சே!''

கடைசி வாக்கியத்தைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இணையத்தில் பிரசங்கத்துக்குப் பஞ்சமே இல்லை; எதை விடுவது என்பதுதான் கஷ்டம். 1993-ல் ஹாரி பிளான்டிங்கா என்ற கம்ப்யூட்டர் பேராசிரியர், பழைய கிறிஸ்தவ நூல்களை வலையில் ஏற்ற ஆரம்பித்தார். இன்று அமெரிக்காவின் கால்வின் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அந்த நூலகத்தில் அகஸ்டினும் தாமஸ் கெம்பிஸும் இலவசம். ஆனால், தூக்கம் வராத ராத்திரியில் அகஸ்டினைக் கொடுப்பது கொஞ்சம் கொடூரம். நான் டீச்சருக்குச் சொன்னது சார்லஸ் ஸ்பர்ஜன்.

ஸ்பர்ஜன் 1834-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 19 வயதில் லண்டனில் ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக வந்தார். 1855-லிருந்து வாரம் ஒரு பிரசங்கம் அச்சாகி, ஒரு பென்னிக்கு விற்றது. ஞாயிற்றுக்கிழமை பேசுவதைச் சுருக்கெழுத்துக்காரர் எடுத்துக்கொள்வார்; திங்கட்கிழமை இவர் உட்கார்ந்து திருத்துவார். 1892-ல் இறந்த பிறகும் கைவசம் இருந்த பிரசங்கங்கள் வாராவாரம் வந்துகொண்டிருந்தன. முதல் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது, 1917-ல்தான் நின்றன. மொத்தம் 63 தொகுதிகள். இன்றைக்கு அந்த ஒரு பென்னியும் வேண்டாம்.

அப்படி என்ன இருக்கிறது அவரிடம்? முதலில் பாஷை. விக்டோரியா காலத்துப் பிரசங்கிகள் லத்தீன் வாடையோடு நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, இவர் சந்தைத் தெருவின் சின்ன வார்த்தைகளில் பேசினார். கப்பல், கடன்காரன், அடுப்பு என்று கையால் தொடக்கூடிய உதாரணங்கள். அடுத்தது, கூட்டத்தைப் பார்த்துப் பேசாமல் ஓர் ஆளைப் பார்த்துப் பேசுவார். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் 'நம்மைத்தான் சொல்கிறார்' என்று குறுகுறுக்கும்.

குறைகளும் உண்டு. முக்கால்வாசிப் பிரசங்கம் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒரே தச்சு வேலை. வேதத்தில் அரை வசனத்தைப் பிய்த்து அதில் ஒரு கோட்டையே கட்டிவிடுவார்; அந்த வசனம் அந்த இடத்தில் என்ன சொல்ல வந்தது என்பதைச் சில சமயம் மறந்துபோவார்.

இதைவிடப் பெரிய குறை நமக்குச் சுரீர் என்று உறைப்பது. 1857-ல் இங்கே சிப்பாய்கள் எழுந்தபோது, இங்கிலாந்தில் அக்டோபர் 7-ம் தேதியைத் தேசிய உபவாச நாளாக அறிவித்தார்கள். அன்று கிரிஸ்டல் பேலஸில் ஸ்பர்ஜன் பேச்சைக் கேட்க வந்தவர்கள் 23,654 பேர். மைக் கிடையாது! அந்தப் பிரசங்கமும் இணையத்தில் கிடைக்கிறது. சிப்பாய்களை மரண தண்டனைக்குரிய குற்றவாளிகள் என்றார். இந்து மதத்தைப் பற்றி, இங்கே ஒருநாளும் காலை வைக்காத மனிதர், வாய்க்கு வந்ததைச் சொன்னார். படிக்கும்போது கோபம் வருகிறது. வரவேண்டும்.

இதே மனிதர்தான் அமெரிக்க அடிமை முறையைத் தாட்சண்யமில்லாமல் திட்டியவர். தென் மாநிலங்களில் அவர் புத்தகங்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். அமெரிக்கப் பதிப்புகளில் அடிமை முறை பற்றிய வரிகளைச் சத்தமில்லாமல் வெட்டினார்கள். ஆகவே, இலவசமாகக் கிடைக்கிறதே என்று எந்தப் பதிப்பையும் அப்படியே நம்பவேண்டாம். வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படத்துக்குக் கீழே ஸ்பர்ஜன் பெயர் போட்டு வருகிற பொன்மொழிகளையும்தான். எந்தப் பிரசங்கம், எந்தத் தேதி என்று இல்லாவிட்டால் சந்தேகப்படுவது பாவமில்லை.

இத்தனை குறை சொல்லிவிட்டு, அவரை ஏன் டீச்சருக்குச் சிபாரிசு செய்தேன்? 1856, அக்டோபர் 19 ராத்திரிக்காக.

கூட்டம் தாங்காமல் சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே சுமார் 10,000 பேர். யாரோ 'தீ!' என்று கத்தினான். தீ எதுவும் இல்லை. நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 22. இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஒரு மாசம். பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. மனிதர் நொறுங்கிப்போனார். இரண்டு வாரத்தில் மேடைக்குத் திரும்பினாரே தவிர, மன இருள் ஆயுள் முழுக்க வந்து வந்து போயிற்று. போதாக்குறைக்குக் கீல்வாதம்.

முக்கியம் என்னவென்றால், அதை அவர் மறைக்கவில்லை. 1875-ல் வந்த 'என் மாணவர்களுக்கு விரிவுரைகள்' என்ற புத்தகத்தில், ஊழியர்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி மட்டும் ஒரு முழு விரிவுரை இருக்கிறது. சோர்வு ஏன் வருகிறது என்று டாக்டர் மாதிரி பட்டியல் போடுகிறார். உடம்பு வியாதியால் வரும், உட்கார்ந்தே இருப்பதால் வரும், தனிமையால் வரும், பெரிய வெற்றிக்கு மறுநாள் வரும். சில சமயம் காரணமே இல்லாமலும் வரும். அதை அவிசுவாசம் என்று அவர் திட்டுவதில்லை. ஜெயம் ஜெயம் என்கிற இன்றைய பேச்சுகளில் நான் தேடிக் கிடைக்காதது இந்த ஒரு பத்திதான். அழுகிறவனிடம் 'அழாதே, உனக்கு விசுவாசம் போதாது' என்று சொல்வது பிரசங்கமில்லை, அபராதம்.

இன்னொன்றும் உண்டு. ஸ்பர்ஜனையே மாற்றிய பிரசங்கம் எது தெரியுமா? 1850 ஜனவரியில், கால்செஸ்டரில் பனிப்புயல். வழக்கமான சபைக்குப் போக முடியாமல், 15 வயதுப் பையன் வழியில் இருந்த சின்ன மெத்தடிஸ்ட் ஆலயத்தில் ஒதுங்கினான். போதகர் வரவில்லை. சாதாரண ஆள் ஒருவர் எழுந்து ஏசாயா 45:22-ஐ எடுத்து, சொல்ல அதிகம் இல்லாததால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் மாறிவிட்டான். அந்த ஆள் யார் என்பதில் இன்றுவரை தகராறு. அச்சில் 63 தொகுதி விட்டுப்போனவருக்கு வேர், யாரும் எழுதிவைக்காத பேச்சு!

ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்பர்ஜன் உயிராக நேசித்த புத்தகம், ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. அதைத் தழுவி, வைணவராகப் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற நெல்லைச் சீமை எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894-ல் புத்தகமானது. மூவாயிரத்து எழுநூறுக்கு மேல் பாட்டு, கம்பன் வாசனையோடு. அதுவும் இணையத்தில் கிடைக்கிறது. பதம் பிரித்துப் படிக்கப் பொறுமை வேண்டும். டீச்சருக்கு இருக்கிறது, தமிழ்தான் நடத்தினார்.

பத்து நாள் கழித்து மறுபடி போன்.

''அந்த மனச்சோர்வுப் பாடத்தைப் படிச்சேன் தம்பி. பாதி இங்கிலீஷ் புரியல. ஆனா அவரும் அழுதிருக்கார், அது புரிஞ்சுது.''

''தூக்கம் வந்ததா டீச்சர்?''

''அது வரல. ஆனா இப்ப தனியா முழிச்சிருக்க மாதிரி இல்ல.'' கொஞ்சம் நிறுத்தி, ''போன்ல எழுத்து சின்னதா இருக்குன்னு கடையில குடுத்துப் பெரிசா பிரின்ட் எடுத்தேன். அறுபது ரூவா வாங்கிட்டான்!'' என்றார்.

ஒரு பென்னி சரக்குக்கு அறுபது ரூபாய். பரவாயில்லை, கொடுக்கலாம்.