குடிசையும் வயலும்: ‘ராமையாவின் குடிசை’ ஆவணப் படத்தைக் குறித்துச் சில சிந்தனைகள்

சமூகக் கொடுமைகளையும், நிலமும் நீரும் கெட்டழிவதையும் பொருளாகக் கொண்ட ஆவணப் படங்களை நம் இறையியல் மாணவர் இந்நாளில் ஆர்வத்தோடு பார்க்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இத்தகைய படங்களை எவ்வாறு பார்ப்பது என்பதை நாம் இன்னும் கற்கவில்லையோ என்னும் ஐயம், பாரதி கிருஷ்ணகுமார் இயக்கி 2005இல் வெளிவந்த ‘ராமையாவின் குடிசை’யை மாணவர் சிலரோடு அமர்ந்து கண்டபோது நமக்கு எழுந்தது.

படம் கூறும் நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் அடங்கிய கீழ்வெண்மணியில், விவசாயத் தொழிலாளர் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டனர். செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகவேண்டும் என நெல் உற்பத்தியாளர் சங்கத்து மிராசுதாரர்கள் வற்புறுத்தினர். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினர். 1968 டிசம்பர் 25 மாலை நேர்ந்த மோதலில் மிராசுதாரர் தரப்பினர் ஒருவர் மாண்டார். அன்றிரவே அடியாட்கள் சேரியைச் சூழ்ந்தனர். ஓடித் தப்ப இயலாத பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ராமையாவின் சிறு குடிசைக்குள் புகுந்தனர். குடிசை கொளுத்தப்பட்டது; 44 பேர் வெந்து மாண்டனர்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் மிராசுதாரர் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வமும் மதிப்பும் உடைய நிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பர் என நம்புதற்கில்லை என்பது அத்தீர்ப்பில் காணப்பட்ட கருத்துகளில் ஒன்று. 1990இல் உச்சநீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதிசெய்தது. மாலை மோதலில் மாண்டவரைப் பற்றிய வழக்கிலோ தொழிலாளர்கள் தண்டனை பெற்றனர்.

இந்தப் பின்னணியில்தான் ஆவணப் படத்தின் பணி விளங்குகிறது. நீதிமன்றத்தில் நிறைபெறாத சாட்சியம் இங்கே மீண்டும் பேசுகிறது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த கேமராவுக்குத் தீயைக் காட்ட இயலாது; தீயைக் கண்ட முகங்களையே காட்ட இயலும். அந்த எல்லைதான் படத்தின் வலிமையும் ஆகிறது. இதே நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார். அந்நாவலிலிருந்து 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்னும் திரைப்படமும் வந்தது. நிலக்கிழாரின் ஆண்மைக் குறைவை நாவல் முதன்மைப்படுத்தியதால் கூலிப் போராட்டம் பின்னுக்குத் தள்ளப்பட்டது என அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. தனிமனிதரின் மனக்கோளாற்றைத் தேடிச் செல்லும் கற்பனைக்கு அந்த ஆபத்து உண்டு. சாட்சிகளை நம்பி நிற்கும் ஆவணப் படமோ அரைப்படி நெல்லை மறக்க விடுவதில்லை.

எனினும் ஒரு குறையைக் கூறாமல் விட இயலவில்லை. படத்தின் தலைப்பு குடிசையைச் சுட்டுகிறது. பார்ப்போர் உள்ளமும் குடிசையிலேயே நின்றுவிடுகிறது. படம் முடிந்ததும் நம் மாணவர்கள் நெடுநேரம் மௌனமாயிருந்தனர். பின்பு பேசியவர் யாவரும் தீயைப் பற்றியே பேசினர். சிலர் கண் கலங்கினர். கூலி எவ்வளவு, நிலம் யாருடையது, அறுவடை நாளில் வேலை மறுக்கப்பட்ட குடும்பம் எதை உண்ணும் என ஒருவரும் கேட்கவில்லை. இது அவர்களுடைய குற்றம் மட்டுமன்று. பயிற்றுவித்த நம்முடைய குற்றமுமாகும். குடிசையைக் கண்டு இரங்குவது எளிது. அக்குடிசையிலிருந்து வயலுக்கு நடந்து சென்று, அங்கே நிலவும் கணக்கைப் பார்ப்பது அரிது. இரக்கம் நம்மை நல்லவர்களாக உணரச் செய்கிறது. கணக்கோ நம்மையும் விசாரிக்கிறது.

ஒரு மாணவர் மட்டும், “ஐயா, அன்றைக்குக் கிறிஸ்துமஸ் அல்லவா? அந்த இரவில் நம் சபையார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?” என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய அச்சுக்கூடமும் இருந்தது இதே கடற்கரை நாட்டில்தான். கீழ்வெண்மணி அங்கிருந்து நெடுந்தூரமன்று. திருச்சபையில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என 1833இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, அதை வன்மையாக எதிர்த்தோரில் தஞ்சைச் சபையின் வேளாளக் கிறிஸ்தவர்களும் இருந்தனர் என்பதையும் நாம் மறைத்தற்கில்லை. நெல் விளையும் இந்நாட்டில் நற்செய்தி நெடுங்காலம் ஒலித்தது. ஆனால் வரப்பு பிரித்த வேற்றுமை ஆலயத்துக்குள்ளும் நுழைந்திருந்தது.

யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். மாண்டவரின் குரல் மட்டுமன்று, கொடுபடாத கூலியின் குரலும் தேவனுடைய செவியை எட்டுகிறது என்பதே அதன் பொருள். இவ்வசனத்தைப் பற்றி நாம் பல ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறோம். அதைக் கூலிக் கணக்காகப் படிக்க ஒரு திரைப்படம் வரவேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆதலின் இத்தகைய படங்களைத் திரையிடும் சபைகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். படம் முடிந்தவுடன் ஜெபித்துக் கலைய வேண்டா. அன்றைய கூலிக் கணக்கையும் இன்றைய கூலிக் கணக்கையும் கரும்பலகையில் எழுதிப் பேசுங்கள். சபைக்கு நஞ்சை நிலம் இருப்பின், அதில் உழைப்போர் யார், அவர்கள் பெறுவது என்ன எனக் கேளுங்கள். நம் மாணவர்களுக்கும் இவ்வாண்டு அவ்வாறே ஒரு வேலை தந்துள்ளோம். அறுப்பின் பண்டிகையில் பீடத்தின் முன் முதற்பலனாகப் படைக்கப்படும் நெல்லை அறுத்தவர் யார், அவர் பெற்ற கூலி எவ்வளவு என்று அவரிடமே சென்று கேட்டு எழுதி வரவேண்டும். அவர்கள் கொண்டுவரும் விடைகளோடு இப்படத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்போம்.