அன்னாசி அறை கிடைக்காதவர்கள்

மைக் வைட் எழுதி இயக்கிய 'தி ஒயிட் லோட்டஸ்' தொடரின் முதல் சீசனில் (2021) ஓர் ஆள் செத்துப்போகிறார். எதனால் என்று பின்னோக்கிப் போனால் ஒரு ரூம் புக்கிங்கில் போய் முட்டிக்கொள்வோம். தேனிலவுக்கு ஹவாய் வந்திருக்கும் ஷேனுக்கு அவன் அம்மா 'பைனாப்பிள் சூட்' என்ற அறையைப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். அதே அறையை ஹோட்டல் இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டது. மாற்றாகக் கிடைத்ததும் அருமையான அறைதான். புது மனைவி ரேச்சலுக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் ஷேன் விடுவதாக இல்லை. மேலாளர் ஆர்மண்டும் நடந்ததை ஒப்புக்கொள்வதாக இல்லை. ஆறு எபிசோடுகள் இந்த இழுபறி போகிறது. கடைசியில் ஒரு கத்தி, விமானத்தில் ஏற்றப்படும் ஒரு பெட்டி.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பணக்காரர்களைக் கிண்டல் செய்யும் அங்கதம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கிண்டல் யாரும் செய்யலாம். இந்தத் தொடர் ஏமாற்றத்தைப் பற்றியது. காசு கொடுத்து வந்தவனின் ஏமாற்றத்துக்குள் நுழைந்து பார்க்க மைக் வைட்டுக்கு எவ்வளவோ பொறுமை இருக்கிறது. அவனுக்குத் துண்டு மடித்து வைப்பவரின் ஏமாற்றம் வரும்போது அந்தப் பொறுமை எங்கே போகிறது? இதுதான் என் பிரச்சினை.

மூன்றாவது சீசனில் (2025) இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஏனென்றால் இப்போது கதை நடப்பது தாய்லாந்தின் கோ சாமுயி தீவில் இருக்கும் ஒரு வெல்னஸ் ஹோட்டலில். விருந்தாளி வந்திறங்கியதும் கைப்பேசியைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். ஆளுக்கோ குடும்பத்துக்கோ ஒரு வழிகாட்டி. தியானம், மசாஜ், மனஅழுத்தத்துக்குத் தனி வகுப்பு. சாதாரண சொகுசு ஹோட்டல் மெத்தையை விற்கிறது. வெல்னஸ் ஹோட்டல் விற்பது வேறு: நீங்கள் வேறு ஆளாகத் திரும்பிப் போவீர்கள் என்கிறது. மெத்தை சரியில்லை என்றால் ரிசெப்ஷனில் போய்ச் சொல்லலாம். 'ஒரு வாரம் ஆகியும் நான் இன்னும் நானாகவே இருக்கிறேன்' என்பதை எந்த கவுண்டரில் போய்ச் சொல்வது?

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பத்து பஹாட்டில் படித்துவிட்டு, கட்டடங்களின் குளிர்சாதன வேலையில் இருப்பவன். ஒரு கட்டடத்தை ஒப்படைக்கும் முன் எங்கள் தொழிலில் டெஸ்டிங் அண்ட் கமிஷனிங் என்று ஒன்று உண்டு. சில்லரிலிருந்து புறப்படும் தண்ணீர் 7 டிகிரி என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 7 டிகிரிதானா என்று அளந்து கையெழுத்துப் போட வேண்டும். அளக்க முடியாத ஒன்றை ஒப்பந்தத்தில் எழுத எங்களுக்குத் தைரியம் வராது. வெல்னஸ் ஹோட்டலின் முழு வியாபாரமும் அளக்க முடியாத ஒரு வரியில்தான் நிற்கிறது. அதனால் விருந்தாளியின் ஏமாற்றம் அளக்கக்கூடிய எதன் மீதாவது போய் விழுகிறது: அறை, சாப்பாடு, நீச்சல் குளம்.

தொடர் இதை அழகாகப் பிடித்திருக்கிறது. பள்ளிக்காலத் தோழிகள் மூவர் வருகிறார்கள். மூவருக்குள்ளும் பழைய பொறாமை புகைந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்ல முடியாமல், நடிகையாக இருக்கும் ஜாக்லின் 'ஹோட்டல் ரொம்ப அமைதியாக இருக்கிறது' என்று குறைப்படுகிறாள். கொஞ்சம் கலகலப்பான இடமாகச் சொல் என்று கேட்டதற்கு, வழிகாட்டி வாலன்டின் இன்னொரு ஹோட்டலுக்கு அனுப்பிவைக்கிறான். அங்கே போய்ப் பார்த்தால் குளம் நிறைய வயதானவர்கள். வந்த கோபம் வாலன்டின் மேல் மட்டும் இல்லை. தன்னையும் அந்த வயசுக்காரிகளில் ஒருத்தியாக அவன் நினைத்துவிட்டானோ என்ற பயம்தான் அது. நான் வாய்விட்டுச் சிரித்த இடம்.

அதைவிட நல்ல இடம் பைப்பருடையது. ராட்லிஃப் குடும்பத்துப் பெண். புத்த தியான மையத்தில் ஒரு வருடம் தங்கப்போகிறேன் என்று பெற்றோரிடம் அடம்பிடிக்கிறாள். முதலில் ஒரே ஒரு ராத்திரி தங்கிப்பார் என்கிறார்கள். தங்குகிறாள். திரும்பி வந்து அம்மாவிடம் அழுகிறாள். காய்கறி ஆர்கானிக் இல்லையாம். சின்ன அறையாம், மெத்தையில் கறையாம், ஏர்கான் கிடையாதாம். சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் பிடுங்குகிறது. தன்னைப் பற்றிய கனவு உடைந்துபோனதை அவளால் ஒரு ஹோட்டல் ரிவ்யூவின் மொழியில் மட்டும்தான் சொல்ல முடிகிறது. அம்மா விக்டோரியாவின் முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, அது தனிக் கட்டுரைக்கு உரியது. இந்த சீசன் இழுவை என்று பலரும் சொன்னார்கள். இழுவைதான். இந்த ஒரு காட்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிய கதைகளுக்கெல்லாம் பாட்டன் தாமஸ் மன்னின் 'மாய மலை' (1924). ஹான்ஸ் காஸ்டோர்ப் டாவோஸ் மலையில் இருக்கும் சானடோரியத்துக்கு மூன்று வாரம் தங்க வந்து ஏழு வருடம் இருந்துவிடுகிறான். அங்கே தலைமை நர்ஸே அவனிடம் ஒரு தெர்மாமீட்டரை விற்கிறாள். நோயாளி என்று நிரூபிக்கும் கருவியை அவனே காசு கொடுத்து வாங்குகிறான்! ஆனால் காஸ்டோர்ப்புக்கு ஏமாற்றம் என்பதே இல்லை. திருப்திதான் அவனுடைய நோய். இன்றைய வெல்னஸ் கதைகளுக்கு அந்த ஏழு வருடம் கிடையாது. ஒரு வாரத்தில் குணமாகி, செக் அவுட் செய்துவிட வேண்டும்.

லியான் மொரியார்ட்டியின் 'நைன் பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (2018) நாவல் அந்த அவசரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் டிராங்குவிலம் ஹவுஸ் என்ற இடம். பத்து நாள். பெட்டியைச் சோதித்து, ஒளித்துக் கொண்டுவந்த வைனையும் சாக்லேட்டையும் பறிமுதல் செய்கிறார்கள். சில நாட்கள் பேசக்கூடாது, கண்ணோடு கண் பார்க்கக்கூடாது. நடத்துகிற மாஷா, விருந்தாளிகளிடம் சொல்லாமலே அவர்கள் குடிக்கும் ஸ்மூத்தியில் போதை மருந்தைக் கலக்கிறாள். அப்புறம் அறையில் பூட்டிவைக்கிறாள். இதைவிட மோசமான விருந்தோம்பல் இருக்க முடியாது. ஆனாலும் நாவல் முடியும்போது பெரும்பாலோர் ஏதோ ஒரு விதத்தில் தேறித்தான் போகிறார்கள். மகனை இழந்த மார்கோனி குடும்பத்தின் பகுதிகள் உண்மையிலேயே நல்ல எழுத்து. மூன்று பேரும் ஆளுக்கொரு குற்ற உணர்ச்சியை ஒளித்துவைத்திருப்பது மெல்ல மெல்ல வெளியே வரும் விதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேறு எதையும் தொட முடியவில்லை.

ஆனால் ஒன்பது அந்நியர்கள் என்று கணக்குப் போடும்போதே நாவல் யாரைக் கணக்கில் விட்டுவிட்டது என்பது தெரிந்துவிடுகிறது. மாஷா, அவளுடைய இரண்டு உதவியாளர்கள் போக, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உள்மனம் கிடையாது. பாத்திரம் கழுவியது யார் என்று கேட்க நாவலுக்கு நேரமில்லை.

சரி, பாத்திரம் கழுவுகிறவர்கள் பக்கம் வருவோம். சில வருடங்களுக்கு முன் நம் நாட்டுத் தீவு ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு வெல்னஸ் ஹோட்டலில் ஐந்து மாதம் பராமரிப்பு வேலைக்குப் போயிருந்தேன். காலையில் முதல் வேலை, விருந்தாளிகளின் புகார்த் தாளில் எங்கள் பிரிவுக்கு வந்ததைப் பிரித்து எடுப்பது. அறை குளிரவில்லை. அறை அதிகமாகக் குளிர்கிறது. தவளைச் சத்தம் தாங்கவில்லை. (இயற்கையின் மடியில் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததே, அந்த மடியில் தவளை இருக்காதா?) அடிக்கடி வந்தது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்பது. மேலே போய்ப் பார்த்தால் குழாயில் ஓட்டை எதுவும் இருக்காது. ஏர்கானை 18இல் வைத்துவிட்டு, கடல் சத்தம் கேட்க பால்கனிக் கதவை விரியத் திறந்து வைத்திருப்பார்கள். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, 24 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துவிடும். கடலும் வேண்டும், குளிரும் வேண்டும் என்றால் கூரை அழத்தான் செய்யும். இதை விருந்தாளியிடம் சொல்லக்கூடாது என்பது விதி. 'மன்னிக்கவும், சரிசெய்துவிட்டோம்' என்று சொல்லிக் கதவை மூடிவிட்டு வர வேண்டும்.

அங்கே ஸ்பாவில் ஓர் அக்கா இருந்தார். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நெற்றியில் விடுவது அவர் வேலை. எங்கள் ஆயா சனிக்கிழமை தோறும் திட்டிக்கொண்டே தலையில் தேய்த்துவிட்டதை ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரிங்கிட் என்று பட்டியலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஒருநாள் கேன்டீனில் உட்கார்ந்து அவருக்கு பெலிண்டாவின் கதையைச் சொன்னேன். பெலிண்டா முதல் சீசனில் வரும் ஸ்பா மேலாளர். அம்மாவின் அஸ்தியோடு வந்திருக்கும் பணக்காரி டான்யா, அவள் கைப்பக்குவத்தில் உருகிப்போய், உனக்கென்று தனி நிலையம் வைத்துத் தருகிறேன் என்கிறாள். பெலிண்டா ராத்திரி பகலாகத் திட்டம் எழுதுகிறாள். டான்யாவுக்கு அதற்குள் ஓர் ஆண் துணை கிடைத்துவிடுகிறது. ஒரு கவரில் பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

அக்கா மீகோரெங்கைக் கிளறிக்கொண்டே கேட்டார். அப்புறம், "மாசத்துக்கு ஒருத்தராவது இப்படிச் சொல்றாங்க தம்பி. லண்டனுக்கு வா, கடை வெச்சுத் தர்றேன்னு. டிப்ஸ் குடுக்காதவங்கதான் அதிகமா சொல்வாங்க. அவ கவர்ல குடுத்துட்டுப் போனால்ல, அதுவே பெரிசு" என்றார்.

இந்தப் பதில் தொடரின் ஒரு பலவீனத்தைக் காட்டிவிடுகிறது. பெலிண்டாவின் கதை சோகமாக வேண்டுமென்றால் பெலிண்டா நம்ப வேண்டும். அந்தத் தொழிலில் வருடக்கணக்காக இருக்கும் ஒருத்தி ஒரு விருந்தாளியின் கண்ணீரை அவ்வளவு சுலபமாக நம்புவாளா? நடாஷா ராத்வெல் தன் நடிப்பால், பாதி நம்பாத ஒருத்தியின் நம்பிக்கையாக அதை மாற்றி நம்மை ஏற்கச் செய்துவிடுகிறார். எழுத்து செய்யாததை முகம் செய்கிறது. அக்காவின் ஏமாற்றங்கள் எல்லாம் வேறு இடத்தில் இருந்தன: ஷிஃப்ட் அட்டவணையில், சர்வீஸ் பாயிண்ட்டில். நம் ஹோட்டல் ஊழியர்களுக்கு 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்திலிருந்து பங்கு வரும் பழைய முறை ஒன்று உண்டு. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததும் சில முதலாளிகள் அந்தப் பங்கையும் சேர்த்துச் சம்பளக் கணக்குக் காட்டப் பார்த்தார்கள். தொழிற்சங்கம் வழக்கைக் கடைசிவரை கொண்டுபோய், 2021இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. விருந்தாளி கொடுத்தது ஊழியருக்கு; சம்பளம் முதலாளி தர வேண்டியது. இதில் ஒரு நாடகம் இல்லையா? ஒரு கத்திக்குத்தை விட இது சுவாரசியம் குறைந்ததா?

தொடர் உள்ளூர்க்காரர்களை என்ன செய்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். முதல் சீசனின் முதல் எபிசோடில் லானி என்ற பெண் வேலைக்குச் சேர்கிறாள். வேலை போய்விடும் என்று நிறைமாத வயிற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்றே ஆர்மண்டின் அறையில் பிரசவம். அதற்குப் பிறகு அவளை நாம் பார்ப்பதே இல்லை. கை என்ற ஹவாய் இளைஞனின் குடும்பத்து நிலத்தை எடுத்துக்கொண்டுதான் ஹோட்டல் நிற்கிறது. விருந்தாளியாக வந்த பெண் ஒருத்தியின் பேச்சைக் கேட்டு நகை திருடப் போய் மாட்டிக்கொள்கிறான். அவனையும் அப்புறம் நாம் பார்ப்பதில்லை. அவள் அழுவதைத்தான் பார்க்கிறோம். லானி காணாமல் போவதே மைக் வைட்டின் விமர்சனம், பணக்காரர்கள் இவர்களை இப்படித்தான் மறந்துபோகிறார்கள் என்று காட்டுகிறார் என ஒரு நண்பர் வாதாடினார். ஒரு தடவைக்கு அது சரி. திரும்பத் திரும்ப நடந்தால் மறந்துபோவது விருந்தாளி மட்டுமில்லை, கதாசிரியரும்தான்.

மூன்றாவது சீசனில் காவலாளி கைடோக் கொஞ்சம் அதிக நேரம் திரையில் இருக்கிறான். வன்முறை பிடிக்காதவன். மூக் என்ற சக ஊழியை மேல் ஆசை. அவளுக்கோ அவன் இன்னும் 'முன்னேற' வேண்டும். கடைசி எபிசோடில் முதலாளியம்மா ஸ்ரீதலா கத்த, முதுகு காட்டிப் போய்க்கொண்டிருக்கும் ரிக்கை அவன் சுட்டுவிடுகிறான். அடுத்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்ரீதலாவின் மெய்க்காப்பாளன். மூக் பூரிப்போடு பார்க்கிறாள். இடையில் இருந்திருக்க வேண்டிய ராத்திரி எங்கே? ஒரு பௌத்தன் ஓர் உயிரை எடுத்துவிட்டுப் படுக்கப் போன அந்த ராத்திரி? பைப்பரின் மெத்தைக் கறைக்கு ஒரு முழுக் காட்சி ஒதுக்கிய தொடர் இது.

பெலிண்டா இந்த சீசனில் திரும்பி வருகிறாள், பயிற்சிக்காக. தாய்லாந்துக்காரரான பொர்ன்சாய் அவளுக்குத் தொழில் காட்டிக்கொடுக்கிறார். நெருக்கமாகிறார்கள். சேர்ந்து ஒரு ஸ்பா திறக்கலாமே என்று அவர் கேட்கிறார். பிறகு ஒரு கொலையைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்காக பெலிண்டாவுக்கு ஐம்பது லட்சம் டாலர் கிடைக்கிறது. டான்யா அவளுக்குச் செய்ததை அப்படியே பொர்ன்சாய்க்குச் செய்துவிட்டுப் படகு ஏறுகிறாள். மூன்று சீசன்களிலும் மைக் வைட் செய்த மிகத் துணிச்சலான காரியம் இது என்பேன். நாம் பரிதாபப்பட்ட ஒருத்தியைக் கையில் காசு வந்த மறுநாளே விருந்தாளியாக்கிக் காட்டுகிறார். ஆனால் கேமரா அவளோடு படகில் ஏறிக்கொள்கிறது. பொர்ன்சாய் கரையில் நின்று கை காட்டிக்கொண்டே சின்னதாகிப் போகிறார்.

அன்றைக்கு மத்தியானமும் அவருக்கு யாராவது மசாஜுக்குப் பதிந்திருப்பார்கள். அறையில் அகர்பத்தி ஏற்றி, துண்டைச் சூடு பண்ணி, 'எப்படி இருக்கிறீர்கள், நன்றாகத் தூங்கினீர்களா?' என்று கேட்டிருப்பார். நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது.